தலையில்லாத முயல்

நாளைக் காலை அந்தப் படத்தைக் கொளுத்தப் போகிறார்கள். கோர்ட்டு உத்தரவு. போலி ஓவியம் என்று தீர்ப்பாகிவிட்டால் எங்கள் பிரான்சில் அதற்குக் கிடைப்பது கள்ள நோட்டுக்குக் கிடைக்கிற மரியாதைதான்.

இன்று வரைக்கும் எங்கள் கையில் ஒரு துப்பும் இல்லை. கடைசியாக ஒருமுறை படத்தின் முகத்திலாவது முழிக்கலாம் என்று ஓவியர் வால்ப்ரேயின் அறக்கட்டளைக்கு வந்திருந்தோம். நான் சுவரோரம் நின்றேன். என் முதலாளியம்மா ஒர்தான்ஸ் படத்துக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்பவர்களைப் பிடித்துப் பழகி, பிறகு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். உட்கார்ந்து யோசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அவரோடு சேர்ந்து என் செருப்புகளும் தேய்ந்துபோயின. வெளியே துறைமுகக் காற்று ஜன்னல்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. லெ ஹாவ்ரில் பிறந்தவனுக்கு அந்தச் சத்தம் பழகிப்போய்க் காதிலேயே விழாது. இன்றைக்கு விழுந்தது.

வால்ப்ரேயின் படங்களைப் பார்க்காதவர் எங்கள் ஊரில் இல்லை. காலண்டரில் இருக்கும், தபால் அட்டையில் இருக்கும், பல் டாக்டரின் சுவரில் இருக்கும். கறுப்புக் கோடுகளால் கிழித்துவிட்ட மாதிரி மனிதர்கள். கம்பம் போல் உயரம், ஒட்டிய கன்னம், எண்ணிவிடலாம் போன்ற விலா எலும்பு. சாம்பல், கறுப்பு, அழுக்கு மஞ்சள். போர் முடிந்தபோது இந்த ஊரில் பாதி தரைமட்டம். தகரக் குடிசைகளில் சனங்களோடு சனமாக உட்கார்ந்து வரையத் தொடங்கியவர். கான்வாஸ் கிடைக்காமல் படுக்கை விரிப்புகளில் வரைந்தார். இப்போது அவர் இல்லை. பணக்காரர்கள் அவர் படங்களைச் சாப்பாட்டு அறையில் மாட்டுகிறார்கள். பசியைச் சுவரில் மாட்டிவைத்துச் சாப்பிட்டால் ருசி கூடுமோ என்னவோ.

எங்கள் கட்சிக்காரி லெயொன்தின் பணக்காரி இல்லை. துறைமுகக் கூலிகளின் கேன்டீனில் சமைக்கிறவள். படத்தில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது, சரிசெய்து கொடுங்கள் என்று தானாகவே இங்கே கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் சரிசெய்யவில்லை. போலி என்று வழக்குப் போட்டுவிட்டார்கள். படத்தில் இருப்பது ஒரு கறிக்கடை வரிசை. வரிசையில் மூன்றாவதாக, சால்வை போர்த்தி நிற்பவள் லெயொன்தினின் அம்மா. குண்டு விழுந்த வீட்டோடு போட்டோக்கள் எல்லாம் எரிந்துபோயின. அந்த அம்மாவின் முகம் என்று இந்த உலகத்தில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

"இது போலின்னு எதை வெச்சு முடிவு பண்ணீங்க?" ஒர்தான்ஸ் நடந்துகொண்டே கேட்டார்.

அறக்கட்டளைத் தலைவர் பெலிசியே கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டார். கெட்டவர் இல்லை. ஆனால் வால்ப்ரேயைப் பற்றி வால்ப்ரேக்கே சொல்லிக்கொடுக்கக்கூடிய ஆள்.

"கோடு சரியா இருக்கு, மதாம். சாயம் சரியா இருக்கு. விரிப்பும் அந்தக் காலத்து விரிப்புதான். அதெல்லாம் கெட்டிக்காரத் திருடனுக்குக் கைவந்த கலை. ஆனா இங்க பாருங்க. கொக்கியில தொங்குற முயலுக்குத் தலை இல்ல."

அதைப் பார்த்ததும் எனக்கே முகம் சுளித்தது. எங்கள் நாட்டில் எந்தக் கசாப்புக்காரனும் உரித்த முயலைத் தலையில்லாமல் தொங்கவிட மாட்டான். வாங்குகிறவள் தலையைப் பார்த்துத்தான் வாங்குவாள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிற மாதிரி அது ஒரு பழக்கம்.

"வால்ப்ரேயோட அப்பாவே கசாப்புக்காரர்" என்றார் பெலிசியே. "அவர் இப்படி ஒரு தப்பு பண்ணுவாரா? வெளிநாட்டுக்காரன் எவனோ வரஞ்சிருக்கான். ரெண்டாவது, இந்தக் கடைக்காரன் குண்டு. வால்ப்ரே வாழ்நாள்ல குண்டா ஒரு மனுஷனை வரஞ்சது கிடையாது. அவர் பாணிக்கு நாங்க வகுத்த விதிகள்ல அதுதான் முதல் விதி."

"அந்த விதியை அவர்கிட்ட சொன்னீங்களா, மிஸ்யே?" என்று கேட்டேன்.

"அவர் இறந்த பிறகுதான வகுத்தோம்."

"அதான் தெரியாம மீறிட்டார் போல."

"ரெமி, வாயை மூடு" என்றார் ஒர்தான்ஸ். நடை நின்றிருந்தது. அவர் நின்றால் ஏதோ அகப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். "இந்தப் பொம்பளைங்க எங்க பாக்குறாங்க?"

பார்த்தேன். கொக்கியில் கறி தொங்குகிறது. வரிசையில் நிற்கிற ஒருத்திகூட அதைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் தரையில். கடைப் பலகைக்குக் கீழே சின்னதாக ஒரு தட்டு வரைந்திருந்தது. காலித் தட்டு. அந்த அழுக்குப் படத்தில் சுத்தமான வெள்ளை அது ஒன்றுதான்.

"பசிச்சவ கறியைப் பாப்பாளா, காலித் தட்டைப் பாப்பாளா?"

"அதுவும் போலிங்கிறதுக்கு ஒரு சாட்சிதான்" என்றார் பெலிசியே. "நான் விசாரிக்காமலா கோர்ட்டுக்குப் போனேன்? அந்தக் குடிசைப் பக்கம் கறிக்கடை வெச்சிருந்தது ஒரே ஒருத்தர். கோக்லேன். அவர் மகன்கிட்டயே கேட்டேன். எங்கப்பா தலையில்லாத முயலைத் தொங்கவிட்டதே கிடையாதுன்னு அடிச்சுச் சொன்னார்."

"எந்த கோக்லேன்?" என்றேன். "டின் கோக்லேனா?"

"அவர்தான். எங்க கண்காட்சிக்குப் பணம் குடுத்து உதவி பண்றவரும் அவர்தான்."

ஒர்தான்ஸ் அதற்குள் வாசலில் இருந்தார்.

*

என் காரின் இடது கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். காற்று அந்தக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தது. ஓட்டிக்கொண்டே, மடியில் வைத்திருந்த ரொட்டியைக் கடித்தேன். உள்ளே தடவியிருந்தது கோக்லேன் டின்னின் முயல் கறி விழுது.

"தலையை எதுக்கு வெட்டுவாங்க, ரெமி?"

"புரட்சியப்போ நம்ம நாட்டுல அது ராஜாவுக்கு வந்த வியாதி."

"முயல் தலையைக் கேக்குறேன்."

"சூப்பு வைக்க."

"எங்க தெரு முழுக்கக் கசாப்புக் கூடம்டா. சின்ன வயசுல தோல் உரிச்சுக் குடுத்துதான் எனக்குச் சாப்பாடு. தோலும் தலையும் போயிடுச்சுன்னா முயல் எது, இன்னொண்ணு எதுன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. அதனாலதான் தலையோட தொங்கவிடச் சொல்றது."

"இன்னொண்ணுன்னா?"

"தரையில தட்டு வெச்சு எதுக்குப் பால் ஊத்துவாங்க?"

நான் வாயில் இருந்ததை ஜன்னல் வழியாகத் துப்பினேன். காற்று அதைத் திருப்பி என் கோட்டிலேயே ஒட்டிவிட்டது.

"பூனை" என்றேன்.

"டின் மேல என்ன படம் போட்டிருக்கான்?"

"சிரிக்கிற முயல்."

"தலையோடவா?"

"தலை மட்டும்தான், முதலாளியம்மா."

கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. அப்பன் பசித்த சனங்களுக்குப் பூனையை முயல் என்று விற்றுக் கொழுத்திருக்கிறான். பக்கத்துக் குடிசையில் இருந்த வால்ப்ரே பார்த்துவிட்டு, ஆள் குண்டு என்பதைக்கூட விடாமல் வரைந்து வைத்துவிட்டார். மகன் பெரிய ஆளாகிவிட்டான். படம் இருக்கக் கூடாது. ஒரு வார்த்தை சொல்லி, கோர்ட்டு கையாலேயே கொளுத்த வைக்கிறான். இதைவிடச் சுத்தமான வேலை உண்டா?

"ரொம்ப சுத்தமா இருக்கு" என்றார் ஒர்தான்ஸ். அது பாராட்டு இல்லை. "ஆனா அந்தப் பொம்பளைங்க ஏமாந்த மாதிரி இல்லையே. ஏமாந்தவ கறியைத்தான பாப்பா."

*

டின் ஆலையில் பெண்கள் ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு எலும்பிலிருந்து சதையை வழித்துக்கொண்டிருந்தார்கள். உப்பும் தண்ணீரும் பட்டு விரல்கள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. என் அம்மாவின் கைகளும் இப்படித்தான் இருந்தன, அது மீன் ஆலை. தரையில் ஓயாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோக்லேன் அந்தத் தண்ணீரிலேயே நின்றார். முதலாளிக்கும் அதே ரப்பர் பூட்ஸ். கொழுத்த ஆளை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம். வால்ப்ரே பார்த்திருந்தால் விடாமல் வரைந்திருப்பார், அப்படி ஒரு ஒல்லி.

ஒர்தான்ஸ் சுற்றி வளைக்கவில்லை. "உங்கப்பா கொக்கியில தொங்குனது பூனைதான?"

பக்கத்தில் வழித்துக்கொண்டிருந்த கத்திகள் ஒரு நொடி நின்றன. கோக்லேன் எங்களைக் குளிர் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"நான் பெலிசியேகிட்ட பொய் சொல்லல" என்றார். "எங்கப்பா தலையில்லாத முயலைத் தொங்கவிட்டதே இல்ல. அவர் கேட்டது முயலைப் பத்தி."

"நல்ல வக்கீல் வெச்சிருக்கீங்க" என்றார் ஒர்தான்ஸ்.

"வக்கீல் என்னத்துக்கு? கேட்டதுக்குத்தான் பதில் சொன்னேன்."

"பூனையை முயல்னு சொல்லி ஊரை ஏமாத்தினவருக்கு இந்த மாதிரி மகன் வேணும்" என்றேன் நான்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "படத்தை நல்லா பாத்தியா நீ? எங்கப்பா காலைப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. ஒர்தான்ஸ் பார்த்திருந்தார். "ரெண்டு ஷூவும் பக்கவாட்டுல கிழிஞ்சிருக்கு. கத்தியால கிழிச்ச மாதிரி."

"கத்தியாலதான் கிழிச்சார். கால் உள்ள போகல. குண்டுன்னு சிரிக்கிறீங்களே, அது கொழுப்பு இல்ல. பசியில ஊதின வீக்கம். விரலை வெச்சு அமுக்கினா குழி அப்படியே நிக்கும். குளிர்காலம் முடியறதுக்குள்ள போயிட்டார். நானும் அம்மாவும் அந்தக் கத்தியை எடுத்துக்கிட்டுத்தான் இந்த வேலையில இறங்கினோம்."

குளிர் அறையில் எங்கள் மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது. பெலிசியேயின் முதல் விதி எனக்கு நினைவு வந்தது. வால்ப்ரே விதியை மீறவே இல்லை. அந்த வரிசையிலேயே ரொம்பப் பசித்த ஆள் அந்தக் குண்டன்தான்.

"யாரையும் ஏமாத்தலன்னு சொல்றீங்க" என்றார் ஒர்தான்ஸ் மெதுவாக.

"வரிசையில நின்ன எல்லா பொம்பளைங்களுக்கும் தெரியும். அவங்களேதான் கொண்டுவந்து குடுத்தாங்க. இன்னிக்கு ஒருத்தி வீட்டுது, அடுத்த தடவை இன்னொருத்தி வீட்டுது. அப்பா அறுத்து எல்லாருக்கும் பங்கு போடுவார். வீட்டுல பிள்ளைங்ககிட்ட முயல்னு சொல்லிக்கணும். பிள்ளைங்க கடைப் பக்கம் வந்துட்டா? அதுக்குத்தான் தலையை முதல்லயே எடுத்துடுவார்."

"இதை பெலிசியேகிட்ட வந்து சொல்லுங்க. படம் பிழைச்சுக்கும். இதைத் தெரிஞ்சுக்காம எவனாலயும் அப்படி வரைய முடியாது."

"மாட்டேன்."

"உங்கப்பாவுக்கு அதுல என்ன அவமானம்?"

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல." கதவின் சின்னக் கண்ணாடி வழியாக வெளியே காட்டினார். "அதோ நிக்கிறாங்களே, அவங்களுக்குத்தான். கோக்லேன்னா பூனைன்னு ஊருக்குள்ள ஒரு சிரிப்பு கிளம்பட்டும், ஒரு டின் விக்காது. வேலை போறது இவங்களுக்கு. இவங்கள்ல பாதிப் பேர் அந்த வரிசையில நின்னவங்களோட பொண்ணுங்க."

நானும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கத்திகள் மறுபடி வழித்துக்கொண்டிருந்தன.

"உயிரோட வேற சாட்சி இருக்கா?"

கோக்லேன் கதவைத் திறந்துவிட்டார். "உங்க கட்சிக்காரியைக் கேளுங்க. அந்தத் தட்டு யார் வீட்டுத் தட்டுன்னு."

*

கேன்டீனில் நுழையும்போது கூலிகள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் சரக்கு இறக்கிவிட்டு வந்த பசி. லெயொன்தின் ஒரு கையால் சூப்பு ஊற்றிக்கொண்டே மறு கையால் ரொட்டியைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். பருத்த, வலுவான உடம்பு. அவள் தட்டில் போடுவதில் குறை சொன்னவன் யாரும் இல்லை.

"லெயொன்தின், இன்னிக்கு சூப்பு கடல் தண்ணியா?" என்றான் ஒருவன்.

"உன் மூஞ்சியைக் கழுவின தண்ணி. குடி."

ஒர்தான்ஸ் அடுப்படிக்குள் போய் அவள் பக்கத்தில் நின்றார். நான் பின்னால் நின்றேன். "கோக்லேனைப் பாத்துட்டு வர்றோம்" என்றார்.

கரண்டி நிற்கவில்லை. ஆனால் அடுத்த கிண்ணம் நிரம்பி வழிந்தது.

"தட்டு யாரோடது, லெயொன்தின்?"

"என்ன தட்டு?"

"உனக்குத் தெரியும்."

அவள் கரண்டியைப் பானையிலேயே போட்டாள். "தெரிஞ்சா என்ன பண்ணப் போறீங்க?"

"நாளைக்குக் கொளுத்தப் போறாங்க. வழக்கு நடந்தப்போ நீ வாயைத் திறக்கவே இல்ல. அம்மா முகம், அம்மா முகம்னு மட்டும் சொன்ன. ஏன்?"

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். காய்ந்த கையை மறுபடி துடைத்தாள். பேசியபோது குரல் இறங்கியிருந்தது. மேசைப் பக்கம் யாருக்கும் கேட்டிருக்காது.

"எங்களோடதுதான். மினூன்னு ஒரு கறுப்புப் பூனை. அம்மா கைக்கு வராது. அன்னிக்குப் பூராவும் துரத்திப் பாத்தா, வரல. என் கைக்குத்தான் வரும். 'அதுக்கு உடம்பு சரியில்லடி, கோக்லேன்கிட்ட காட்டணும், தட்டோட கூட்டிக்கிட்டு வா'ன்னா. எனக்கு எட்டு வயசு. தட்டைக் காட்டிக்கிட்டே கடை வரைக்கும் கூட்டிப் போனேன். அது என் பின்னாடியே வந்துச்சு. அப்புறம் அம்மா என்னை வீட்டுக்குப் போகச் சொன்னா. நான் போகல. குடிசைக்குப் பின்னாடி நின்னேன்."

"அப்போ உனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும். சாயங்காலம் அம்மா முயல்னு சொல்லி வெச்சா. சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் வேணும்னு கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன்." என்னைப் பார்த்தாள். "என்ன பாக்குற? பசிச்சுது."

நான் சூப்புப் பானையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அந்த ஓவியக்காரருக்கு விரிப்பு குடுத்தது அம்மாதான். படத்தை அவர் குடுத்தப்போ சுவரைப் பாத்துத் திருப்பி வெச்சா. அவ போன பிறகுதான் நான் மாட்டினேன்." மூச்சு விட்டாள். "அந்த மூஞ்சியைக் காப்பாத்துறதுக்கு, பெத்த பொண்ணு கையாலேயே பூனையை வரவழைச்சு அறுக்கக் குடுத்தவள்னு அவளை ஊர்ல சொல்லணுமா நான்? அதுக்கு எரிஞ்சே போகட்டும்னுதான் இருந்தேன்."

ஒர்தான்ஸுக்கு ஆறுதல் சொல்ல வராது. முயற்சியும் செய்ய மாட்டார். "எரிஞ்சுட்டா அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்குமா?"

மேசைகளில் தட்டுகிற சத்தம் ஏறிக்கொண்டே போனது.

"இப்பவே இல்ல" என்றாள். "கண்ணை மூடினா வால்ப்ரே போட்ட கோடுதான் வருது."

ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள்.

"ஏய், சூப்பு?" என்று ஒருவன் கத்தினான்.

"உனக்குக் கை இல்ல? ஊத்திக்கோ."

*

பெலிசியே அறையைப் பூட்டக் கிளம்பிக்கொண்டிருந்தார். லெயொன்தின் அவருக்கு முன்னால் நின்று, எங்களிடம் சொன்னதையே சொன்னாள். சமையலுக்குச் சாமான் சொல்கிற மாதிரி வரிசையாக, நடுங்காமல் சொன்னாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள்.

"கடைக்காரர் யாரு?" என்று பெலிசியே கேட்டார்.

"செத்துப்போன ஒரு மனுஷன். பசியில உடம்பு ஊதிச் செத்தவர். பேர் என் வாயில வராது. பூனை என்னோடது, அம்மா என்னோடவ. அதுக்கு மட்டும்தான் நான் சாட்சி."

பேர் பெலிசியேக்குத் தெரியாமலா இருக்கும்? கண்காட்சிக்குக் கைகொடுக்கிறவரின் பேரை நல்ல நேரத்தில் மறக்கத் தெரிந்தவர் அவர். தலையை ஆட்டிக்கொண்டு படத்தின் முன்னால் போய்க் குனிந்தார். கிழிந்த ஷூக்களைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். தரையைப் பார்க்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அப்போ இவர் குண்டு இல்ல" என்றார்.

"இல்ல" என்றார் ஒர்தான்ஸ்.

"நான் இதைக் கொளுத்தச் சொன்னேன்."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஒர்தான்ஸ் என் காலை மிதித்தார். வலித்தது.

பெலிசியே வக்கீலுக்குப் போன் போட்டார். அறக்கட்டளை புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறது, படம் அசல் என்று எழுதித் தருகிறது, கோர்ட்டுக்கு விடிந்ததும் சொல்லிவிடுங்கள் என்று இரண்டு முறை சொன்னார். எதிர்முனை ஏதோ கேட்டது. "ஆமா, நான்தான் தப்பு" என்று போனை வைத்தார். அந்த வார்த்தை அவர் வாயில் அதிகம் புழங்கியதில்லை என்பது கேட்டாலே தெரிந்தது.

"படத்தை எப்போ எடுத்துட்டுப் போகலாம்?" லெயொன்தின் கேட்டாள்.

"நாளைக்கே. வெடிப்பைச் சரிசெஞ்சு தரணும்னா ரெண்டு நாள்."

"வெடிப்பு இருக்கட்டும். நாளைக்கே குடுங்க."

"ஒண்ணே ஒண்ணு, மதாம். வால்ப்ரேயோட அசல் படங்கள்ல இதையும் சேக்கணும். அவர் இதுக்குப் பேர் வைக்கல. 'முயல் வரிசை'ன்னு போட்டுக்கலாமா?"

லெயொன்தின் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். வந்ததிலிருந்து அம்மா பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது முதல் தடவையாகக் கண்ணைத் தூக்கிக் கொக்கியைப் பார்த்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அவ்வளவு அக்கறையாக வரைந்திருந்தார் அந்த மனுஷன்.

"எங்கம்மா பேரைப் போடுங்க" என்றாள். "இன்னும் இடம் இருந்தா, மினூன்னு போடுங்க. முயல்னு மட்டும் எழுதிடாதீங்க."